ஆழ்விண்வெளித் திகில்கதைகள்: வெள்ளவத்தையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்கப்பல், கருந்துளை, பெயர் வைக்க முடியாத ஏதோவொன்று என்று வருகிற கதைகளை நான் வாசிப்பதும், அவ்வப்போது எழுதிப் பார்ப்பதும் பழகினவர்களுக்குத் தெரியும். கலியாண வீட்டிலும் 100ஆம் நம்பர் பஸ்ஸிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எனக்கும் சுகம், கேட்பவர்களுக்கும் சுகம்.

பிரபஞ்சத் திகில் என்றால் என்ன? பேய்க்கதையைத்தான் விண்வெளியில் வைத்துச் சொல்கிறார்களா?

இல்லை. நம்முடைய பேய்க்கு ஒரு குறை இருக்கும். ஆசை தீராமல் செத்திருக்கும், யாரோ ஏமாற்றியிருப்பார்கள், அல்லது அது குடியிருந்த புளியமரத்தை ஒருவன் வெட்டியிருப்பான். என்ன குறை என்று கண்டுபிடித்துவிட்டால் கழிப்புக் கழிக்கலாம், நூல் கட்டலாம், பொங்கிப் படைக்கலாம். பேய் உங்களைத் தேடித்தான் வருகிறது. அந்தளவுக்கு நீங்கள் அதற்கு வேண்டப்பட்ட ஆள்.

பிரபஞ்சத் திகிலில் வருவது யாரையும் தேடி வருவதில்லை. நீங்கள் இருப்பதே அதற்குத் தெரியாது, தெரிந்தாலும் ஒரு பொருட்டில்லை. அது தன்பாட்டில் எங்கேயோ போகிறது. போகிற வழியில் உங்கள் கப்பல் இருக்கிறது, அவ்வளவுதான். பகை இல்லாத இடத்தில் சமாதானம் பேசவும் முடியாது. எந்தப் பூசாரியிடம் போவது?

இதைத் தொடக்கிவைத்தவர் யார்?

எச். பி. லவ்கிராஃப்ட். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்துக்காரர், பிறந்தது 1890. மலிவுத்தாள் இதழ்களில் எழுதி, பெரிய பெயரோ காசோ பார்க்காமல் 1937இல் 46 வயதில் இறந்துபோனார். 1927இல் வந்த அவருடைய கதையொன்றில் ஒரு விண்கல் விவசாயி ஒருவரின் காணியில் விழும். அதற்குள் இருந்து வருவது ஒரு நிறம், அதுவும் மனிதக் கண் இதுவரை பார்க்காத நிறம். பயிர் முதலில் கொழுகொழுவென்று விளைகிறது, பிறகு எல்லாம் சாம்பலாக உதிர்கிறது. அது ஏன் வந்தது, என்ன வேண்டும் என்று கடைசிவரை ஒருவருக்கும் விளங்காது.

இன்னொன்றையும் சொல்லவேணும். மனிதர் விடயத்தில் லவ்கிராஃப்ட் மோசமான இனவாதி. கறுப்பினத்தவர், குடியேறிகள், கலப்பில் பிறந்தவர்கள் எல்லோரையும் அருவருப்போடு எழுதியவர். நம்மைப் போன்றவர்கள் அவர் கதைக்குள் வந்தால் வில்லனின் கூட்டத்தில்தான் நிற்போம். அதை ஒளித்துவைத்து அவரைப் புகழ்கிறவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை. கண்டுபிடிப்பு பெரியது, மனது சின்னது.

ஏன் ஆழ்விண்வெளி? கடல், காடு என்றால் போதாதா?

ஒருகாலத்தில் போதும். லவ்கிராஃப்டே கடலடியையும் அந்தாட்டிக்காவையும்தான் பயன்படுத்தினார். அப்போது அவை ஏறக்குறைய யாரும் போகாத இடங்கள். இப்போது அந்தாட்டிக்காவுக்குச் சுற்றுலாக் கப்பல் போகிறது, திரும்பி வந்தவர் படம் காட்டி அறுக்கிறார். வெறுமையான இடம் என்று மிச்சமிருப்பது மேலே மட்டும்தான். அது எவ்வளவு வெறுமை என்பது எண்களில் பிடிபடாது, ஆகவே கொழும்பிலேயே அளந்து பார்ப்போம்.

காலிமுகத்திடலில் 14 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு தேங்காயை வையுங்கள். அது சூரியன். அதே அளவுத்திட்டத்தில் பூமி, 15 மீட்டர் தள்ளிக் கிடக்கும் ஒரு சின்னக் கடுகு. கடுகிலிருந்து சந்திரன் 4 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மனிதர் நேரில் போய்வந்த தூரமெல்லாம் ஏறத்தாழ இந்த 4 சென்டிமீட்டருக்குள் அடக்கம். புளூட்டோ 600 மீட்டருக்குக் கிட்ட. 1977இல் புறப்பட்டு இன்றுவரை நிற்காமல் ஓடும் வாயேஜர் 1 விண்கலம் ஏறத்தாழ 2,500 கோடி கிலோமீட்டர் போயிருக்கிறது. நம் அளவில் அது இரண்டரைக் கிலோமீட்டர். கொள்ளுப்பிட்டிச் சந்தியைத் தாண்டி பம்பலப்பிட்டிப் பக்கம் ஊர்ந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அடுத்த நட்சத்திரம் எங்கே? 4.24 ஒளியாண்டுத் தூரத்தில் உள்ள புரொக்சிமா செந்தோரி. நம் அளவில் அது ஒரு நெல்லிக்காய், இருப்பது 4,000 கிலோமீட்டர் தள்ளி, ரியாத் நகரத்தில். காலிமுகத்திடலுக்கும் ரியாத்துக்கும் நடுவே சில கடுகுகளும் கடலைகளும் தூசியும் தவிர வேறொன்றும் கிடையாது. வாயேஜரின் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேல் வேணும்.

இதுதான் களம். கப்பலில் இருப்பவர் உதவி கேட்டால் பதில் வர ஆண்டுகள் ஆகும். பதில் அனுப்பியவர் அதற்குள் செத்திருக்கவும் கூடும்.

இந்தக் கதைகளுக்கும் கொழும்புக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே உண்டு. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008இல் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். அவரை இழுத்துவந்தது வானம் அல்ல, கடல். சுழியோடுவதில் பைத்தியம். கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேசில் வீடு. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1979 முதல் 2002 வரை இருந்தார். பொரளை கனத்தை மயானத்தில் அடக்கம் செய்தார்கள். எந்த மதச் சடங்கும் கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார்.

1973இல் வந்த 'ரான்டெவூ வித் ராமா' நாவலில் 50 கிலோமீட்டர் நீளமான ஓர் உருளை சூரியக் குடும்பத்துக்குள் நுழைகிறது. கிரேக்க, ரோமக் கடவுள்களின் பெயரெல்லாம் தீர்ந்துபோனதால் விஞ்ஞானிகள் அதற்கு நம் ராமரின் பெயரை வைக்கிறார்கள். மனிதர் உள்ளே போகிறார்கள். கடல் இருக்கிறது, நகரம் போன்ற கட்டடங்கள் இருக்கின்றன, செய்தவர்கள் இல்லை. சூரியனுக்குக் கிட்டப் போய் வேண்டியதை எடுத்துக்கொண்டு உருளை தன் வழியில் போய்விடுகிறது. உள்ளே வந்த மனிதரை அது ஒரு பொருட்டாக எடுத்ததாகவே தெரியவில்லை.

கிளார்க் இதை வியப்பாக எழுதினார். கப்பலுக்குள் விடியும் காட்சியை எல்லாம் ஒரு சிறுவனின் ஆசையோடு விவரிக்கிறார். ஆனால் நடந்ததை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது அப்பட்டமான பிரபஞ்சத் திகில். வந்தவர் நம்மை அழிக்கவில்லை, ஆசீர்வதிக்கவும் இல்லை, பெட்ரோல் அடித்துக்கொண்டு போனார். என்னைக் கேட்டால் அவருடைய புத்தகங்களில் ஆகப் பயங்கரமானது இதுதான். அவரே அப்படி நினைத்திருப்பாரோ தெரியாது.

கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சி விழுங்குமா?

விழுங்காது. சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தால் பூமி இப்போதுபோலவே சுற்றிக்கொண்டிருக்கும், விறைத்துச் சாவோமே தவிர உள்ளே போகமாட்டோம்.

உண்மையில் கலங்கவைக்கும் விடயம் வேறு. 2019இல் முதன்முதலாகப் படம் வெளிவந்த எம்87 விண்மீன்கூட்டத்தின் கருந்துளை, சூரியனைப்போல் ஏறத்தாழ 650 கோடி மடங்கு நிறை. அவ்வளவு பெரியதன் விளிம்பில் ஈர்ப்பு உடலைப் பிய்க்கிற அளவுக்குச் சடுதியாக மாறாது. திரும்பி வரவே முடியாத எல்லைக்கோட்டை நீங்கள் தாண்டும்போது வலியோ குலுக்கலோ ஒன்றும் இராது. தேநீர் குடித்துக்கொண்டே தாண்டலாம். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கோ நீங்கள் மெதுவாகி, சிவந்து, மங்கி, கோட்டைத் தாண்டாமலே நிற்பதுபோலத் தெரியும். அரக்கனை வைத்து எழுதிய எந்தக் கதையும் இதைத் தொடாது.

வட்ஸ்அப்பில் வருகிற 'கருந்துளையின் அலறல்' உண்மையா?

பாதி உண்மை. பெர்சியஸ் விண்மீன்கூட்டத் திரளின் நடுவிலுள்ள கருந்துளை, சுற்றியுள்ள சூடான வாயுவில் அழுத்த அலைகளை எழுப்புகிறது. மனிதக் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்தவை. நாசா அவற்றை 57, 58 சுரத்தொகுதிகள் (ஒக்டேவ்) உயர்த்தி 2022இல் ஒலியாக வெளியிட்டது. அலறுவதாகக் கேட்பது நம் காது செய்கிற வேலை.

அறிவியலில் உண்மையாகவே பயப்படக்கூடியது என்று ஏதாவது?

நான் மூன்றைச் சொல்வேன். முதலாவது, 1977 ஓகஸ்ட் 15 அன்று அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு வானொலித் தொலைகாட்டியில் 72 வினாடிகள் பதிவான பலமான சமிக்ஞை. தாளைப் பார்த்த வானியலாளர் ஓரத்தில் சிவப்பு மையால் "வாவ்!" என்று எழுதினார். பிறகு எத்தனையோ தடவை அதே திசையில் தேடியும் அது திரும்ப வரவில்லை. ஒரு தடவை மட்டும் தட்டிவிட்டுப் போன கதவு.

இரண்டாவது, பூவோடிஸ் வெற்றிடம். 1981இல் கண்டறியப்பட்டது, ஏறத்தாழ 33 கோடி ஒளியாண்டு அகலம். ஆயிரக்கணக்கில் விண்மீன்கூட்டங்கள் இருக்கவேண்டிய அந்த இடத்தில் சில பத்துகள்தான் உண்டு. யாரோ நட்சத்திரங்களை மூடி மறைத்துவிட்டார்கள் என்று கதைகட்டுகிறவர்கள் உண்டு. அதற்குத் தேவை இல்லை, பொருள் திரள்கிற இடத்தில் திரண்டால் மற்ற இடம் வெறுமையாகத்தான் போகும். ஆனாலும் அந்த நடுவில் ஒரு கிரகமும் அதில் ஓர் ஆளும் இருந்தால், அவருக்கு அக்கம்பக்கம் என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இராது.

மூன்றாவது எனக்கு ஆகப் பிடித்தது: போலி வெற்றிடச் சிதைவு. வெற்றிடம் என்று நாம் நினைப்பது அதன் ஆகத் தாழ்ந்த ஆற்றல் நிலையாக இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் எங்கோ ஓரிடத்தில் அது சரிந்து, ஒரு குமிழியாகி, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் விரியும். உள்ளே இயற்பியல் விதிகளே வேறு, அணுக்கள் நிற்காது. எச்சரிக்கை கிடைக்காது, ஏனென்றால் செய்தியும் குமிழியும் ஒன்றாகத்தான் வந்துசேரும். பயப்பட வேண்டாம். கணக்குப்படி இது நடக்கவேண்டுமானால் பிரபஞ்சத்தின் இன்றைய வயதான 1,380 கோடி ஆண்டுகளைவிடப் பன்மடங்கு காலம் காத்திருக்க வேணும்.

"இதெல்லாம் எங்கட புராணத்திலேயே இருக்கே" என்று என் அம்மம்மா சொல்கிறா. சரிதானா?

அம்மம்மா சொல்வது முக்கால்வாசி சரி. இந்தப் பக்கத்தை நான் எழுதியதே இந்த ஒரு கேள்விக்காகத்தான் என்றும் சொல்லலாம்.

பெரிய அளவு என்பது தமிழுக்குப் புதிதல்ல. மாணிக்கவாசகர் திருவண்டப்பகுதியில் அண்ட உருண்டைகள் "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன" என்கிறார். அந்த அத்தனை அண்டங்களும், வீட்டுக்குள் நுழைகிற வெயில் கீற்றில் மிதக்கும் தூசிபோலச் சின்னதாகத் தெரியுமளவுக்கு இறைவன் பெரியோன்: "இன்னுழை கதிரின் துன்னணுப் புரையச் சிறிய ஆகப் பெரியோன்." இவ்வளவு சுருக்கமாக ஒரு விண்வெளிக் காட்சியை இன்றைக்கும் எழுத ஆள் இல்லை. அதேபோல, அடியும் முடியும் தேடிப் பிரமனும் திருமாலும் களைத்துப்போன கதை கருவறைப் பின்சுவரில் லிங்கோற்பவராக நிற்கிறது. அளக்கப் போனவர்கள் தோற்ற கதைதான் அதுவும்.

ஆனால் மாணிக்கவாசகர் பயப்படவில்லை, உருகினார். ஏன்? நூற்றொரு கோடி அண்டத்துக்கும் அப்பால் ஒருவர் இருக்கிறார், அவருக்கு இவரைத் தெரியும், தேடிவந்து ஆட்கொண்டார். அளவு கூடக்கூட அருளும் கூடுகிறது. கீதையின் பதினோராம் அத்தியாயத்தில் அருச்சுனன் நடுங்குவது உண்மை. எரியும் வாய்களுக்குள் போர்வீரர்கள் போய் விழுவதைப் பார்க்கிறான், அது அசல் திகில். உடனே என்ன செய்கிறான்? பழைய உருவத்தைக் காட்டு என்று கும்பிடுகிறான், கண்ணனும் காட்டுகிறான். கெஞ்ச ஓர் ஆள் இருந்தது.

ஆகவே தமிழ் வாசகரை வெறும் அளவால் பயமுறுத்த முடியாது. கோடி கோடியாகக் கேட்டு வளர்ந்த காது. ஒளியாண்டுகளை அடுக்கி எழுதிய தமிழ்க் கதைகள் பல எனக்கு உறைக்காமல் போனதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நமக்கு உறைக்கவேண்டுமானால் அண்டத்தை அப்படியே விட்டுவிட்டு, நம் முறையீட்டைக் கேட்கிற ஆளை மட்டும் அகற்றவேணும். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மெழுகுதிரி கொளுத்துகிறவர், வெள்ளிக்கிழமை மயூரபதி அம்மனுக்கு நெய்விளக்கு ஏற்றுகிறவர், ஜும்மாவுக்குப் போய் கையேந்துகிறவர், எல்லோருக்கும் முறையிட ஓரிடம் உண்டு என்று வைத்துக்கொண்டுதான் இந்த ஊரே ஓடுகிறது. அந்த இடம் காலி என்று ஒரு கதை காட்டினால், அப்போது குளிரும்.

அப்படியானால் இதைச் சாமி நம்பிக்கை உள்ளவர்கள் வாசிக்கலாமா?

தாராளமாக. அவர்களுக்குத்தான் நன்றாக உறைக்கும்.

தமிழில் இப்படிக் கதை எழுத ஆசை. எப்படித் தொடங்குவது?

முதலில் பெயரடைகளைக் குறையுங்கள். "சொல்லொணாத, விவரிக்க இயலாத, கோரமான" என்று மூன்று சொல் போட்டால் மூன்று மடங்கு பயம் வராது, வாசிப்பவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். கொட்டாவி விடும் கப்பல்காரர்கள், தேய்ந்த சப்பாத்து, யார் கோப்பையைக் கழுவுவது என்கிற சண்டை என்று எழுதுங்கள். அவர்கள் பேசுவது நாம் கதைக்கிற மாதிரி இருக்கட்டும். அரச அறிவித்தல் மாதிரிப் பேசுகிற விண்வெளிவீரர் செத்தாலும் ஒருவரும் கவலைப்படமாட்டார்கள்.

பிறகு, ஒரேயொரு விடயத்தை மட்டும் பிழையாகவிடுங்கள். உதாரணத்துக்கு ஒன்று:

வியாழனுக்குக் கிட்ட ஒரு பராமரிப்புக் கப்பல். அங்கிருந்து பூமிக்கு வானொலி போக 43 நிமிடம், பதில் வர 43 நிமிடம், மொத்தம் 86. வதனி இரவு வேலையில் இருக்கிறாள். "அம்மா, மருந்து எடுத்தீங்களா? கால் வீக்கம் வத்திட்டுதா?" என்று அனுப்பிவிட்டு, பாணுக்குள் பருப்பை வைத்துச் சாப்பிடுகிறாள். பதில் வருகிறது: "எடுத்தனான் பிள்ளை. வீக்கம் இப்ப பரவாயில்லை." அம்மாவின் குரல், அம்மாவின் இருமல். குறிப்பேட்டில் நேரத்தைப் பதிகிறாள். 84 நிமிடம். கடிகாரத்தைச் சரிபார்க்கிறாள், சரியாக இருக்கிறது. யாரோ பூமியைவிட ஒரு நிமிடம் கிட்ட இருந்து பதில் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு நிமிடத்தில் அம்மாவின் பதில் இன்னொரு தடவை வருகிறது, சொல்லுக்குச் சொல் அதேதான்.

இதுவரை நல்ல பேய்க்கதை. இங்கே நிறுத்தினால் வாசகர் "அம்மா வேடத்தில் ஏதோ பிடிக்க வருகிறது" என்று நினைத்துக்கொள்வார், அது பழைய மோகினிதான். ஆகவே அடுத்த நாள் வதனி பழைய பதிவுகளைத் தோண்டுகிறாள். கப்பலின் கழிவுநீர்ப் பம்பு மணிக்கொரு தடவை தன் அழுத்த அளவைப் பூமிக்கு அனுப்புகிறது, பூமியிலிருந்து "கிடைத்தது" என்று ஒரு குறி வரும். அந்தக் குறியும் இரண்டு தடவை வந்திருக்கிறது. முதலாவது 84 நிமிடத்தில், இரண்டாவது 86இல். பல மாதங்களாக. அங்கே இருப்பது எதுவோ, அதற்கு அம்மாவும் பம்பும் ஒன்றுதான்.

கவனியுங்கள், யாரும் சாகவில்லை. ஒரு துளி இரத்தம் இல்லை. எண் ஒன்று மட்டும்தான் பிழையாகிப்போனது. ஆனால் எண்ணைச் சரியாகப் போடவேணும்: வியாழனிலிருந்து ஒளி பூமிக்கு வர ஏறத்தாழ 33 முதல் 54 நிமிடம் வரை எடுக்கும். பத்து நிமிடம் என்று எழுதிவிட்டால் அதைக் கண்டுபிடிக்க வெள்ளவத்தையில் ஒரு பௌதிகவியல் ஆசிரியர் நிச்சயமாக இருப்பார்.

கதையில் அது என்னவென்று கடைசியில் சொல்லிவிடலாமா?

வேண்டாம். 1979இல் வந்த 'ஏலியன்' படத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த மிருகம். அது பயங்கரம்தான், ஆனால் மிருகம். பசிக்கிறது, பிள்ளை பெறுகிறது. எனக்கு அந்தப் படத்தில் நிற்பது பாழடைந்த கப்பலில் இருக்கையோடு கல்லாகிப்போன அந்த இராட்சத ஓட்டுநர். யார், எங்கே போனார் என்று அந்தப் படம் ஒரு சொல்லும் சொல்லாது. ஸ்தானிஸ்வாவ் லெம் 1961இல் எழுதிய 'சொலாரிஸ்' நாவலில் ஒரு கிரகத்தின் கடலே ஓர் உயிர். நூலகம் நூலகமாக மனிதர் அதைப் பற்றி ஆய்வு எழுதிக் குவித்தும் அதன் நோக்கம் ஒருவருக்கும் பிடிபடாது.

வேற்றுலகத்தார் கேட்கட்டும் என்று வாயேஜரில் அனுப்பிய தங்க ஒலித்தட்டில் தமிழ் இல்லையாமே?

இல்லை. 55 மொழிகளில் வணக்கம் இருக்கிறது. சிங்களம், தெலுங்கு, கன்னடம் எல்லாம் உண்டு, வழக்கொழிந்த சுமேரியம்கூட உண்டு, தமிழ் இல்லை. மனவருத்தம்தான். ஆனால் பிரபஞ்சத் திகில் வாசிக்கிறவர்கள் இதை வேறு மாதிரிப் பார்ப்பார்கள்: முகவரி கொடுத்தவர்களில் நாங்கள் இல்லை.

என் மகன் 13 வயது. வாசிக்கக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கிளார்க்கில் தொடங்குங்கள். ஓ.எல். வருடத்தில் வேண்டாம். பயத்துக்காக இல்லை, புத்தகத்தைக் கீழே வைக்கமாட்டான்.

கொழும்பில் நட்சத்திரம் பார்க்க முடியுமா?

பெரிதாக முடியாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டினார்களே, அப்போது மாடிக்கு ஏறியவர்கள் கொழும்பு வானத்தை ஒழுங்காகப் பார்த்தார்கள். அதைத் திரும்பக் கேட்க முடியாது. ஏப்ரல் கடைசியில் நள்ளிரவுக்கு மேகம் இல்லாவிட்டால் தெற்கே, தெஹிவளைப் பக்கம், தாழ்வாக ஒரு பிரகாசமான நட்சத்திரம் தெரியும். அதுதான் அல்பா செந்தோரி. மேலே சொன்ன ரியாத் நெல்லிக்காய் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் கொழும்பு 7 கோள்மண்டலத்துக்குப் போவது புத்தி. போகுமுன் எந்த மொழியில் எப்போது காட்சி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புத்தகங்களை எங்கே வாங்குவது, எந்த ஒழுங்கில் வாசிப்பது?

முதலில் 'ராமா', பிறகு 'சொலாரிஸ்', கடைசியாக லவ்கிராஃப்ட். அவருடைய கதைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, காசு செலவழிக்காதீர்கள். மற்றவற்றுக்கு மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்த்தன மாவத்தையில் வரிசையாக உள்ள பழைய புத்தகக் கடைகளில் கிளறிப் பாருங்கள். கிளார்க் புத்தகம் என்றதும் சிலர் விலையைக் கூட்டிச் சொல்வார்கள். பேரம் பேசலாம், ஆனால் முதலில் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.